வெளிநாட்டு உதவி ஊருக்குள் வந்தால் கணக்கை எப்படித் திறந்து வைப்பது?

2009 மே மாதம் இலங்கையில் போர் முடிந்து, செட்டிகுளம் முகாம்களில் இருந்து சனம் வன்னிக்குத் திரும்பத் தொடங்கியபோது ஊரில் வீடு இல்லை, கூரை இல்லை, கிணற்றில் இறங்கப் பயம். ஆனால் சங்கம் மட்டும் உடனே வந்துவிட்டது. கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், அப்புறம் வருகிற ஒவ்வொரு நிறுவனமும் தன் பங்குக்கு ஒரு குழு. எல்லாவற்றுக்கும் தலைவர், செயலாளர், பொருளாளர் வேண்டும். அப்படி ஒரு மரத்தடிக் கூட்டத்தில்தான் நான் பொருளாளர் ஆனேன். தகுதி என்னவென்றால், "அவனுக்கு எழுத்து வடிவு" என்று பின்னால் இருந்து யாரோ சொன்னதுதான்.

அதற்குப் பிறகு தகரம், சீமெந்து, ஆடு, தையல் இயந்திரம், மதகு, வீட்டுத்திட்டம் என்று எத்தனையோ கணக்கு எழுதியாகிவிட்டது. பிழையும் விட்டிருக்கிறேன், ஏச்சும் வாங்கியிருக்கிறேன். இப்போது புதிதாகச் சங்கப் பொறுப்புக்கு வந்தவர்களும் வெளிநாட்டில் இருந்து ஊருக்குக் காசு அனுப்புகிறவர்களும் அடிக்கடி கேட்பதால், தெரிந்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒன்று. உதவி தருகிறவருக்கு அறிக்கை எழுதப் பழக்குவதற்கு எத்தனையோ பயிற்சிப் பட்டறை வைத்தார்கள். சோறும் தந்து பையும் தந்தார்கள். ஊருக்குக் கணக்குச் சொல்லப் பழக்க ஒருவரும் வரவில்லை. நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான்: பட்டியலில் பெயர் வராத வீட்டு அம்மா வந்து கொப்பியைப் புரட்டினால், யாருக்கு எவ்வளவு போனது, தனக்கு ஏன் வரவில்லை என்பது அவருக்கு விளங்க வேண்டும். உதவி கிடைத்தவர் எப்படியும் சிரித்துக்கொண்டு கையெழுத்துப் போடுவார். கிடைக்காதவரின் கேள்வியைத் தாங்கும் கணக்குத்தான் கணக்கு.

காசுக்கு ஓம் சொல்ல முன்னர்

நிறுவனத்துப் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் வந்து "உங்கட ஊருக்கு ஒரு புரொஜெக்ட் வந்திருக்கு" என்றதும் கைதட்டுவதுதான் வழக்கம். கைதட்டுங்கள், பரவாயில்லை. அதற்குப் பிறகு இதைக் கேளுங்கள்: மொத்தம் எவ்வளவு, எந்த நாட்டுக் காசில், அதில் ஊருக்குள் இறங்குவது எவ்வளவு, வாகனம் சம்பளம் கந்தோர் வாடகைக்கு எவ்வளவு, பயனாளியை யார் தெரிவு செய்வது, பொருளா காசா, வேலை பிந்தினால் மிச்சக் காசு யாருக்கு. பதிலை வாயால் வாங்காதீர்கள். ஒரு பக்கத்தில் எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்து வைத்து, ஒரு பிரதி சங்கத்தில் இருக்கட்டும். தர மறுத்தால் அதையும் கூட்ட அறிக்கையில் திகதியோடு எழுதுங்கள். நான் கேட்ட இடங்களில் பாதியில் "அது ஹெட் ஒபிஸ் விசயம்" என்றுதான் சொன்னார்கள். அந்த நாட்களில் வடக்கு மீள்குடியேற்றத்துக்கென்று வைத்த ஜனாதிபதி செயலணியின் அனுமதி இல்லாமல் எந்த நிறுவனமும் வடக்கில் வேலை செய்ய முடியாது, ஆகவே யாரைக் கேட்டாலும் இன்னொருவரைக் கைகாட்டுவது சுலபமாக இருந்தது.

ஓர் எண் ஊருக்குத் தெரிந்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்திய வீட்டுத்திட்டத்தைச் சொல்லலாம். மொத்தம் 50,000 வீடுகள். முதல் 1,000 வீட்டை ஒப்பந்தக்காரர் கட்டிக் கொடுத்தார். 2012இல் தொடங்கிய பெரிய கட்டத்தில் வடக்குக் கிழக்கில் வீட்டுக்காரரே கட்டுவது என்று முறை மாறியது. புது வீட்டுக்கு 5,50,000 ரூபா, திருத்த வேலைக்கு 2,50,000 ரூபா, வேலை ஏற ஏறக் கட்டம் கட்டமாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே காசு. அந்த ஐந்தரை லட்சம் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். இடையில் நிற்கிற எவரும் "ஐந்துதான் வந்தது" என்று சொல்ல முடியாது. திட்டத்தில் குறை இருந்தது. அந்தக் காசுக்குள் வீட்டை முடிக்க முடியாமல் நகையை அடகு வைத்தவர்கள், கூரைக்குக் கடன்பட்டவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள். அது வேறு கதை, அதற்கும் வருகிறேன். ஆனால் எண் வெளியில் இருந்தது.

அதன் பலன் சில வருடம் கழித்துத் தெரிந்தது. 2015, 2016 அளவில் 65,000 உருக்கு வீடுகள் தருகிறோம், ஒன்று சுமார் 21 லட்சம் ரூபா என்று அரசாங்கம் அறிவித்தபோது சனம் வாயைப் பிளந்தது. கல்வீட்டுக்கு என்ன முடியும் என்பது கட்டிப் பார்த்த ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் தெரியுமே. அரைவாசிக் காசுக்கு நாங்களே கல்லில் கட்டுவோம் என்ற கதை ஊர்க் கூட்டங்களில் இருந்துதான் எழும்பியது, பிறகு படித்தவர்களும் கணக்குப் போட்டு எழுதினார்கள். அந்தத் திட்டம் அறிவித்தபடி முன்னுக்குப் போகவில்லை.

அடகு வைத்த கதைக்கு வருகிறேன். மதிப்பீடு போடும்போது உதவிக் காசை மட்டும் எழுதுவது ஒரு வகைப் பொய். வீட்டுக்காரர் போடும் உழைப்பு, மேசனுக்குச் சாப்பாடு, தண்ணீர் அள்ளும் கூலி, விலை ஏற்றம், எல்லாவற்றையும் ஒரு தனி நிரலில் "குடும்பத்தின் பங்கு" என்று எழுதுங்கள். அந்தத் தொகையைப் பார்த்துவிட்டு வீட்டைச் சிறிதாக்குவதா, ஓர் அறையைப் பிறகு கட்டுவதா என்று அந்தக் குடும்பமே யோசிக்கும். அதைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் சொல்லித் தருவார் என்று இருக்காதீர்கள், அவருக்குப் பார்க்க நூறு வீடு.

பட்டியல்

கொள்ளை என்றால் சீமெந்துப் பை களவு போவது என்றுதான் நினைக்கிறோம். என் அனுபவத்தில் ஊர் உடைவது பட்டியலில்தான்.

விதி மிகச் சின்னது: முதலில் தகுதி, பிறகு பெயர். பெயரை மனதில் வைத்துக்கொண்டு தகுதி எழுதினால் அது எல்லாருக்கும் தெரிந்துவிடும். எத்தனை பேர் குடும்பத்தில், பெண் தலைமையா, மாற்றுத்திறனாளி இருக்கிறாரா, இப்போது எந்த மாதிரிக் கொட்டிலில் இருக்கிறார்கள், காணிப் பத்திரம் உண்டா, வேறு திட்டத்தில் ஏற்கெனவே பெற்றார்களா, இவற்றுக்குப் புள்ளியைப் பொதுக் கூட்டத்தில் வைத்துத் தீர்மானியுங்கள். அதற்குப் பிறகு பெயர். முதல் பட்டியலை வாசிகசாலைச் சுவரிலும், கூட்டுறவுக் கடையிலும், கோயில் வாசலிலும் ஒட்டுங்கள். பிரதேச செயலகத்து நோட்டீஸ் பலகையில் மட்டும் ஒட்டினால் அது ஒட்டாத மாதிரித்தான், ஏனென்றால் பஸ் காசு கொடுத்து யாரும் போய்ப் பார்க்க மாட்டார்கள். இரண்டு கிழமை ஆட்சேபனைக்கு விடுங்கள். பெயரோடு புள்ளியும் இருக்க வேண்டும். பெயர் வராதவர்களுடைய புள்ளியும் இருக்க வேண்டும், அதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

எங்கள் ஊரில் ஒரு ஆச்சி இருந்தார். பிள்ளைகள் இருவரும் போரில் போய்விட்டார்கள், கணவர் முகாமில் காலமானார். குடும்பத்தில் ஆள் கூடினால் புள்ளியும் கூடும் என்பதால் ஒற்றை ஆளான ஆச்சி கடைசியில் நின்றார். குடும்பத்தைப் பறிகொடுத்ததற்கே தண்டனை மாதிரி. பட்டியல் ஒட்டிய அன்று பின்னேரம் என் படலைக்கு வந்தார்.

"தம்பி, எனக்கு வீடு வராட்டிப் பரவாயில்லை. ஏன் வரேல்லை எண்டு ஒருக்காச் சொல்லிப்போட்டுப் போ."

அன்றைக்கு என்னிடம் பெயர்ப் பட்டியல் மட்டும்தான் இருந்தது, புள்ளித் தாள் நிறுவனத்துக் கந்தோரில். "மேலிடத்தில் தெரிவு செய்தது ஆச்சி" என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த நாள் போய்ப் புள்ளித் தாளைக் கேட்டு வாங்கி வந்து அவருக்கு முன்னால் வாசித்தேன். பிறகு, ஆச்சி மாதிரித் தனித்திருந்தவர்களின் பெயரை எழுதி, இந்தப் புள்ளிமுறை இவர்களைத் தள்ளுகிறது என்று கிராம அலுவலர் ஊடாகக் கடிதம் அனுப்பினோம். கடிதத்தால் முறை மாறவில்லை. ஆனால் அடுத்து வந்த ஒரு சிறிய திட்டத்துக்கு அந்தக் கடிதத்துப் பெயர்களே பட்டியலாகின, ஆச்சிக்கு ஓர் அறையும் குசினியும் கிடைத்தது. ஆகவே, முறை உங்கள் கையில் இல்லாவிட்டாலும் புள்ளித் தாளின் பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும்.

இன்னொன்று, நிர்வாகசபை உறுப்பினரின் உறவு. சின்ன ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம், அதைத் தவிர்க்க முடியாது. மறைக்காமல் இருப்பது மட்டும்தான் வழி. பட்டியலில் "செயலாளரின் தங்கை" என்று பக்கத்திலேயே எழுதுங்கள், அந்தப் பெயர் பேசப்படும்போது செயலாளர் எழும்பி வெளியே போகட்டும், அதையும் கூட்ட அறிக்கையில் எழுதுங்கள். முதல் தடவை சிரிப்பாக இருக்கும், பிறகு பழகிவிடும்.

கொப்பியும் சிட்டையும்

வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும், தலைவருடைய பெயரில் அல்ல, "தற்காலிகமாக" என்ற சொல்லை நம்பவே வேண்டாம். கையெழுத்து மூவரில் இருவர், அந்த மூவரும் ஒரே வீட்டிலோ ஒரே கோஷ்டியிலோ இருக்கக்கூடாது. வெற்றுக் காசோலையில் முன்கூட்டிக் கையெழுத்து வைத்துக் கொடுப்பது நட்பு அல்ல, வயல் வேலை இருந்தாலும் அப்படிச் செய்யாதீர்கள்.

காசேட்டில் நான் பார்த்த வரிகளில் மோசமானது: "பொருட்கள் வாங்கியது 48,500." இதை வைத்து யாரும் எதையும் சரிபார்க்க முடியாது. இப்படி எழுதுங்கள்: திகதி, வவுச்சர் இலக்கம், எந்த வேலைக்கு, என்ன பொருள், எத்தனை, ஒன்று என்ன விலை, யாரிடம் வாங்கியது, சிட்டை (கடைப் பற்றுச்சீட்டு) இலக்கம், யார் பொறுப்பேற்றது, மீதி எவ்வளவு. கை வலிக்கும். அன்றன்றைக்கே எழுதினால் ஐந்து நிமிடம், மாதக் கடைசியில் எழுதினால் ஒரு இரவு, அந்த இரவில்தான் பொய் புகும். பிழை விட்டால் ஒற்றைக் கோடு போட்டு வெட்டி ஒப்பமிடுங்கள். வெள்ளை மை பூசிய பக்கத்தை ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

மூன்று கடையில் விலை கேட்பது எல்லாருக்கும் தெரிந்த விதி. மூன்று விலைத்தாளையும் ஒரே கடைக்காரரே எழுதித் தருவதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். எழுத்தைப் பாருங்கள், மையைப் பாருங்கள், மூன்றிலும் ஒரே எழுத்துப் பிழை இருக்கிறதா பாருங்கள். நான் ஒரு முறை மூன்று தாளிலும் சீமெந்து "சிமேந்து" ஆக இருந்ததைக் கண்டுபிடித்தேன். இதற்கு மருந்து, கொள்வனவுக் குழுவில் இரண்டு பெண்களைப் போடுவது. மாதர் சங்கத்து அக்காமார் கடையில் நின்று விலை பேசத் தொடங்கினால் கடைக்காரரே சரியான விலைக்கு இறங்குவார்.

மணல் தனிப் பாடம். சிட்டை "2 கியூப்" என்று இருக்கும். ஒரு கியூப் என்றால் 100 கன அடி. டிப்பர் வந்ததும் கொட்ட விடாமல் நாடாவைப் பிடியுங்கள்: நீளம் 10 அடி, அகலம் 6 அடி, மணல் மட்டம் 3 அடி என்றால் 180 கன அடி, அதாவது 1.8 கியூப். 0.2 கியூப் காணாது. ஒரு லோட்டில் சின்ன விசயம், நாற்பது லோட்டில் எட்டு கியூப். நடுவில் குவித்து ஓரத்தில் பள்ளமாக இருந்தால் கையால் சமப்படுத்திவிட்டு அளக்க வேண்டும். சாரதி கோபிப்பார், முதல் தடவை மட்டும். அளவைச் சிட்டையின் பின்பக்கத்தில் எழுதி அவரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

கூலிக்குச் சிட்டை கிடையாது. ஆகவே நாட்கூலித் தாள் ஒன்று வைத்து, யார் எத்தனை நாள், ஒரு நாளுக்கு எவ்வளவு என்று எழுதி, காசு கையில் கொடுக்கும்போதே கையெழுத்தோ பெருவிரல் அடையாளமோ வாங்குங்கள். சிரமதானமாக வந்தவர்களையும் அதே தாளில் 0 ரூபா என்று பதியுங்கள். இலவசமாக வந்தவரின் பெயரில் கூலி எழுதுகிற பழக்கம் இருக்கிறது, அதை அந்த 0 அடைத்துவிடும்.

பொருளாக வருகிற உதவி

காசை எண்ணலாம். ஆட்டை எப்படி எண்ணுவது? ஒரு நிறுவனம் (பெயர் வேண்டாம்) எங்களுக்கு வாழ்வாதாரம் என்று ஆடு தந்தது. லொறியில் இறக்கினார்கள், வெயில், எல்லாரும் அவசரம், ஒரு தாள் கைக்குக் கை மாறி வந்தது. தாளில் பெயர் இருந்தது, அடையாள அட்டை இலக்கம் இருந்தது, பெறுமதி என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. எல்லாரும் கையெழுத்துப் போட்டோம், நானும் போட்டேன், பொருளாளர்! இரண்டு கிழமைக்குள் ஆடுகள் இருமித் தள்ளாடி ஒவ்வொன்றாகச் செத்தன. பிறகு கோப்பைப் பார்க்கக் கிடைத்தபோது அந்தக் கட்டத்தில் ஒரு விலை இருந்தது, எங்கள் சந்தையில் அந்த விலைக்கு இரண்டு ஆடு வாங்கலாம். தாளின் மேல் வரியில் "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டோம்".

அன்றில் இருந்து என் விதி: வெறுங்கட்டம் இருந்தால் கையெழுத்து இல்லை. பெறுமதி தெரியாது என்று அவர்கள் சொன்னால் அந்தக் கட்டத்தில் "சொல்லப்படவில்லை" என்று எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். கால்நடை என்றால் வைத்தியரின் தாள், நிறை, வயது. சீமெந்து என்றால் திகதி, கட்டி பட்டிருக்கிறதா. தகரம் என்றால் எண்ணிக்கை, தடிப்பு, நீளம். தையல் இயந்திரம், நீர் இறைக்கும் மோட்டார் என்றால் தொடர் இலக்கம். படம் எடுங்கள், பனரையும் சிரிப்பையும் அல்ல, இலக்கத் தகட்டை எடுங்கள்.

சங்கத்துக்குப் பொதுவாக வருகிற இயந்திரத்துக்கு இன்னொரு சிக்கல் உண்டு. முதல் வருடம் சங்கத்தின் மோட்டார், இரண்டாம் வருடம் தலைவர் வீட்டு மோட்டார், மூன்றாம் வருடம் அது பழுது. இதற்குப் பொருள் ஏடு ஒன்று வேண்டும்: யார் எடுத்தது, எப்போது திருப்பியது, வாடகை எவ்வளவு, எண்ணெய் யார் போட்டது. வாடகைக் காசும் சங்கத்து வருமானம், அதுவும் காசேட்டில் ஏற வேண்டும்.

டொலர் விலை மாறும்போது

இதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஒப்பந்தம் டொலரில், செலவு ரூபாவில். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் நின்றது, மே மாதம் 360ஐத் தொட்டது. 5,000 டொலர் உதவி என்றால் 10 லட்சம் எங்கே, 18 லட்சம் எங்கே. நடுவில் உள்ள 8 லட்சம் யாருடையது? மதிப்பீடு பழைய விலையில் இருப்பதால் கணக்கு சரியாகவே முடியும், மீதி யாருடைய கண்ணுக்கும் படாது. சரி, சீமெந்து விலையும் அந்த வருடம் பறந்தது, மீதியில் பெரும்பங்கு அதற்கே போயிருக்கலாம். அதைக் காட்ட வேண்டும் என்றுதான் சொல்கிறேன். காசு வந்த திகதி, வங்கி கொடுத்த விலை, கிடைத்த ரூபா, இந்த மூன்றையும் வங்கித் தாளோடு ஒட்டி வைத்து, கூடுதலாக வந்ததை எதற்குப் பயன்படுத்துவது என்று கூட்டத்தில் தீர்மானமாகப் பதியுங்கள். உதவி தந்தவருக்கும் எழுதுங்கள். நான் அப்படி எழுதியபோது உதவி தந்த ஒருவர், அந்தக் காசில் இன்னும் இரண்டு மலசலகூடம் கட்டச் சொன்னார்.

பலகை

வேலை முடிந்ததும் ஒரு பெயர்ப் பலகை நடுவார்கள். கொடி இருக்கும், சின்னம் இருக்கும், திறந்து வைத்தவரின் பெயர் பெரிதாக இருக்கும். தொகை இருக்காது. வேலை தொடங்கும்போதே நீங்கள் ஒரு தகரத்தில் பெயின்ற் அடித்து நடுங்கள், வடிவாக இருக்க வேண்டியதில்லை:

"மதகு வேலை. தந்தவர் இன்னார். மொத்தம் இவ்வளவு ரூபா. பொருளுக்கு இவ்வளவு, கூலிக்கு இவ்வளவு. இன்று வரை செலவு இவ்வளவு, கையில் இவ்வளவு. முடியும் திகதி இது. கொப்பி பார்க்க: ஞாயிறு பின்னேரம், வாசிகசாலை."

"இன்று வரை" என்ற வரி மட்டும் சோக்கில் இருக்கட்டும், கிழமைக்கு ஒரு முறை அழித்து எழுதலாம். ஆப்கானிஸ்தானில் 2003இல் தொடங்கிய தேசிய ஒருமைப்பாட்டுத் திட்டத்தில், ஊரே தெரிவு செய்த சபைக்குக் குடும்பத்துக்கு 200 டொலர் என்ற கணக்கில், ஓர் ஊருக்கு 60,000 டொலர் வரை கொடுத்தார்கள். வரவு செலவை ஊர் பார்க்கும் இடத்தில் எழுதி வைக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. எழுத்து வாசிக்கத் தெரியாதவர்கள் நிறைந்த ஊரிலும் அந்தப் பலகையை யாராவது ஒருவர் சத்தமாக வாசிப்பார், அது போதும். எங்கள் ஊரில் அந்த வேலையைச் செய்தது பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள்.

கூட்டத்தில் கணக்கு வாசிப்பதைக் கடைசிக்கு வைக்காதீர்கள். தேத்தண்ணீர் வந்த பிறகு ஒருவரும் கேட்க மாட்டார்கள். முதல் விடயம் கணக்கு, பிறகு மற்றது. முறைப்பாட்டுப் பெட்டி வைப்பதென்றால் தலைவர் வீட்டு விறாந்தையில் வைக்காதீர்கள், அங்கே யார் போய் முறைப்பாடு போடுவார்? திறப்பு ஒருவரிடம், பெட்டி இன்னொரு இடத்தில், திறக்கும்போது மூன்று பேர்.

கந்தோர் பதில் சொல்லாவிட்டால்

நாங்கள் தொடங்கிய காலத்தில் இந்த வழி இருக்கவில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. பிரதேச செயலகம், மாவட்டச் செயலகம், அமைச்சு, எதிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருப்பார். தமிழிலேயே எழுதிக் கொடுங்கள், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அலுவலரே எழுதிக்கொள்ள வேண்டும். ஏற்றுக்கொண்டதற்குச் சீட்டு வாங்குங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். இல்லை என்றாலோ பேசாமல் இருந்தாலோ 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

பலருக்குத் தெரியாத இரண்டு விடயம் இந்தச் சட்டத்துக்குள் இருக்கிறது. ஒன்று, ஒரு லட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு நிதித் திட்டம் என்றால், தொடங்க மூன்று மாதம் முன்னரே அமைச்சர் விபரத்தை வெளியிட வேண்டும். உள்நாட்டு நிதி என்றால் 5 லட்சம் ரூபாவுக்கு மேல். இரண்டு, அரசாங்கத்திடம் இருந்தோ வெளிநாட்டு அரசிடம் இருந்தோ சர்வதேச அமைப்பிடம் இருந்தோ கணிசமான நிதி பெற்றுப் பொதுமக்களுக்குச் சேவை செய்யும் தொண்டு நிறுவனமும், அந்தச் சேவை பற்றிய அளவில், இந்தச் சட்டத்துக்குள் வரும். "நாங்கள் தனியார், எங்களைக் கேட்க முடியாது" என்று இனிச் சொல்ல முடியாது.

கேட்கும்போது "எல்லாத் தகவலும் தருக" என்று எழுதினால் ஒன்றும் வராது. "இன்ன கிராம அலுவலர் பிரிவில், இன்ன ஆண்டில் கட்டிய 20 மலசலகூடங்களின் மதிப்பீட்டுப் பிரதி, ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்த கொடுப்பனவுச் சீட்டுகள், பயனாளிகளின் புள்ளித் தாள்" என்று கேளுங்கள். தாளின் பெயரைச் சொன்னால் தாள் வரும்.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கு

கனடாவில், இலண்டனில், சுவிஸில் பழைய மாணவர் சங்கமும் ஊர்ச் சங்கமும் சேர்த்து அனுப்பிய காசு இல்லாவிட்டால் எத்தனையோ பள்ளிக்கூடமும் வாசிகசாலையும் எழும்பியிருக்காது. ஆனால் கணக்கு மிகக் குழம்புவதும் இங்கேதான், ஏனென்றால் எல்லாம் நம்பிக்கை. மச்சானின் கணக்குக்கு அனுப்புவது, உண்டியலில் (வங்கி இல்லாமல் ஆட்கள் ஊடாகக் கைமாற்றி) அனுப்புவது, "நீயே பார்த்துச் செய்" என்பது. ஆறு மாதம் கழித்து ஒரு படம் வராவிட்டால் உடனே வட்சப்பில் "கள்ளன்" என்று பட்டம். இரண்டு பக்கமும் பாவம்.

செய்ய வேண்டியது அதிகம் இல்லை. ஒருவருடைய பெயருக்கு அல்லாமல் சங்கத்துக் கணக்குக்கு வங்கி ஊடாக அனுப்புங்கள், உண்டியலில் நாலு ரூபா கூடக் கிடைக்கும்தான், ஆனால் கையில் ஒரு தாளும் மிஞ்சாது. முழுக் காசையும் ஒரே தடவையில் அனுப்பாமல் அத்திவாரம், சுவர், கூரை என்று பிரித்து அனுப்புங்கள், முன்னைய கட்டத்தின் சிட்டை வந்த பிறகு அடுத்தது. ஒரே மாணவிக்கு மூன்று நாட்டில் இருந்து மூன்று பேர் சைக்கிள் வாங்கிக் கொடுத்த கதை எனக்குத் தெரியும், பக்கத்து வீட்டுப் பிள்ளை ஐந்து கிலோமீற்றர் நடந்தது. ஆகவே அனுப்ப முன்னர் கிராம அலுவலரிடமோ அதிபரிடமோ ஒரு தொலைபேசி எடுத்து, இந்தக் குடும்பத்துக்கு வேறு யார் செய்கிறார்கள் என்று கேளுங்கள். உதவி பெற்ற பிள்ளையின் முகத்தைப் படம் எடுத்துப் போடச் சொல்லி நெருக்காதீர்கள். சிட்டையைப் படம் எடுத்தால் போதும், பிள்ளைக்கும் மானம் இருக்கிறது.

அப்புறம், சின்ன விசயம் ஒன்று. இப்போது கடைகளில் இயந்திரத்தில் அடித்துத் தருகிற சிட்டை ஒரு வருடத்தில் வெளிறி வெறும் தாளாகிவிடும். வாங்கிய அன்றே போட்டோப் பிரதி எடுத்து, இரண்டையும் சேர்த்துக் குத்துங்கள். எடுத்ததை இரும்புப் பெட்டியில் வையுங்கள், அட்டைப் பெட்டி வேண்டாம். எங்கள் 2011ஆம் ஆண்டுக் கணக்கைக் கறையான் தின்றது, அதைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு இன்றைக்கும் என்னால் பாதிப் பதில்தான் சொல்ல முடிகிறது.